ஃபிரிட்ஜ் வாங்கக் கிளம்பியவர்: அரபுக் குறும்படங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் அரபு நாட்டுக் குறும்படங்களைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதே பொருளைப் பற்றியே கேட்டிருந்ததால், இம்முறை பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி: அரபுப் படம் என்றாலே போர், குண்டுவீச்சு, அகதிகள் என்றுதான் மனத்தில் வருகிறது. குடும்பக் கதை என்று சொல்லும்படி ஏதாவது உண்டா? (பள்ளி ஆசிரியை ஒருவர்)

பதில்: நான் பார்த்தவரையில் பெரும்பாலானவை குடும்பக் கதைகள்தாம். யாரோ ஒருவர் வீட்டுக்கு வேண்டிய ஏதோ ஒன்றை வாங்கவோ, வேண்டியவரைப் பார்த்து வரவோ கிளம்புகிறார். அந்தச் சின்ன வேலை முடிந்ததா, இல்லையா என்பதுதான் கதை. எனக்குப் பிடித்த அரபுக் குறும்படங்களை எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்த அமைப்பில்தான் இருக்கின்றன. நாட்டின் நிலைமையை யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. கிளம்பியவருடைய வேலை எந்த இடத்தில் தடைப்படுகிறதோ, அந்த இடத்தில் அது தானாகத் தெரிந்துவிடுகிறது.

பிரிட்டிஷ் பாலஸ்தீனரான ஃபரா நபுல்சி 2020இல் எடுத்த 'தி பிரசென்ட்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரேல் ராணுவத்தின் பிடியிலிருக்கும் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் வாழும் யூசுஃப், திருமண நாளுக்கு மனைவிக்குப் பரிசாக ஒரு ஃபிரிட்ஜ் வாங்குவதற்காகச் சிறுமகள் யாஸ்மினைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார். போகும்போதும் வரும்போதும் சோதனைச்சாவடியைக் கடந்தாக வேண்டும். போகும்போதே ராணுவத்தினர் அவரைக் கம்பியடைப்புக்குள் நிறுத்திவைக்கிறார்கள். மகள் வெளியே காத்து நிற்கிறாள். வெகுநேரக் காத்திருப்பில் அந்தக் குழந்தை உடையிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறது. தந்தைக்கு அது தெரியவரும் கணத்தில் இருவரும் பேசிக்கொள்ளும் விதத்தைக் கவனியுங்கள்: அவமானம் யாருக்கு என்று இருவருமே காட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறார்கள். திரும்பி வரும்போது சிக்கல் வேறு விதமானது. கால்நடையாகச் செல்வோருக்கான வாயிலில் ஃபிரிட்ஜ் நுழையாது. அகலமான சாலை பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அது அவருக்கானது அன்று. வீடோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இதற்கு மேல் சொன்னால் படத்தைப் பார்க்கும் சுவை போய்விடும். யூசுஃபாக நடித்தவர் சாலே பக்ரி. தொடக்கத்தில் விடியற்காலையில் தொழிலாளர்கள் கம்பிகளுக்கிடையே நெருக்கியடித்து நிற்கும் காட்சியைப் பெத்லஹேமிலுள்ள 300ஆம் எண் சோதனைச்சாவடியில், வேலைக்குப் போகும் உண்மையான தொழிலாளர்களுக்கு நடுவே அவரை நிறுத்திப் படமாக்கியிருக்கிறார்கள். சிறந்த பிரிட்டிஷ் குறும்படத்துக்கான பாஃப்டா விருதை 2021இல் இது பெற்றது. அதே ஆண்டு ஆஸ்கார் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது.

அதற்கும் முன்னதாக, 2006இல் செரியன் டாபிஸ் எடுத்த 'மேக் எ விஷ்' என்ற படத்தில் ஒரு பாலஸ்தீனச் சிறுமி பிறந்தநாள் கேக் ஒன்றை வாங்கியே தீருவது என்று பிடிவாதமாக அலைகிறாள். கையில் இருக்கும் பணம் போதவில்லை. அவ்வளவுதான் கதை. ஆயினும் அந்தக் கேக் யாருக்கு என்ற கேள்வியை இயக்குநர் எவ்வளவு நேரம் நம்மிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறார் என்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

கேள்வி: திறமை இருப்பவர்கள் முழுநீளப் படமே எடுக்கலாமே? குறும்படம் என்பது பெரிய படத்துக்கான ஒத்திகைதானே? (திரைப்படக் கல்லூரி மாணவர்)

பதில்: ஒத்திகையாக எடுப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு, அரபு நாடுகளிலும் உண்டு. லெபனானைச் சேர்ந்த மௌனியா அகல், பெய்ரூட்டின் குப்பைப் பிரச்சினையை வைத்து மாணவியாக இருந்தபோது 'சப்மரீன்' எடுத்தார். 2016இல் கேன்ஸ் விழாவின் மாணவர் படப் பிரிவுக்குத் தேர்வானது. அதே பிரச்சினையைத்தான் 2021இல் 'கோஸ்டா பிராவா, லெபனான்' என்ற முழுநீளப் படமாக விரித்தார். ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு குறும்படத்தைப் படிக்கட்டு என்று முடிவு கட்டுவது சரியாகாது என்பது என் கருத்து.

ஒவ்வொரு நாட்டிலும் குறும்படம் தழைத்ததற்கு வெவ்வேறு காரணம் உண்டு. சவூதி அரேபியாவில் 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்ட திரையரங்குகள் 2018 ஏப்ரலில்தான் ரியாத்தில் மீண்டும் திறந்தன. கிட்டத்தட்ட ஒரு தலைமுறைக் காலம் படம் எடுக்க விரும்பிய இளைஞருக்குத் திரையரங்கே கிடையாது. கையிலிருந்த கேமராவும் யூடியூபும்தான் அவர்களுக்கு எல்லாமும். 2011இல் தொடங்கப்பட்ட டெல்ஃபாஸ்11 என்ற குழு அப்படி வளர்ந்ததுதான். அவர்களுடைய ஆறு குறும்படங்களை 2020இல் நெட்ஃப்ளிக்ஸ் ஒரே தொகுப்பாக வெளியிட்டது. எகிப்தில் நிலைமை நேர் எதிர். 1935இலேயே ஸ்டூடியோ மிஸ்ர் போன்ற பெரிய நிறுவனம் அங்கே வந்துவிட்டது. முழுநீளப் படமே தொழில், குறும்படம் என்பது மாணவர் வேலை என்ற எண்ணம் ஊறிப்போன நாடு. அந்த எகிப்துக்குக் கேன்ஸ் விழாவின் குறும்படத்துக்கான தங்கப்பனை விருது முதன்முதலாகக் கிடைத்தது 2020இல், சாமே அலாவின் படத்துக்கு.

பாலஸ்தீனத்தில் காரணம் இன்னும் நேரடியானது. படப்பிடிப்புக் குழுவிலுள்ள ஐந்து பேரிடம் மூன்று விதமான அடையாள அட்டைகள் இருந்தால், ஐவரும் ஒரே சாலையில் போக முடியாது. இதையே கருவாக வைத்து ஆன்மேரி ஜசீர் 2003இல் 'லைக் ட்வென்டி இம்பாசிபிள்ஸ்' என்ற 17 நிமிடப் படத்தை எடுத்தார். மாற்றுப் பாதையில் போகும் ஒரு படக்குழு திடீர்ச் சோதனையில் சிக்குகிறது. யாரிடம் எந்தக் கடவுச்சீட்டு என்பதைப் பொறுத்துக் குழு சிதறுகிறது. அது கற்பனைப் படம்தான். ஆனால் கேமராவின் கண்ணுக்கு முன்பாகவே படத்தின் ஒலிப்பதிவாளர் பிரித்து அழைத்துச் செல்லப்படும்போது, படமும் அவரோடு சேர்ந்து ஒலியை இழக்கிறது. படம் எடுக்கும் நிலைமையே படத்தின் வடிவமாகிவிடுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் மாணவர் யோசிக்க வேண்டும். ஃபிரிட்ஜ் வாங்கக் கிளம்பியவரின் கதையை இரண்டு மணி நேரத்துக்கு நீட்டினால் அதில் ஒரு வில்லன் வேண்டியிருக்கும், ஒரு துணைக்கதை வேண்டியிருக்கும், அநேகமாக ஒரு பிரசங்கமும் வந்து சேரும். ஒரு நாள், ஒரு வேலை, இரண்டு பேர் என்ற அளவுக்கு இருபது நிமிடமே சரியான நீளம்.

கேள்வி: ஈரானியப் படங்களும் அரபுப் படங்கள்தானே? (வாசகர் ஒருவர்)

பதில்: இல்லை. ஈரானியர் பாரசீக மொழி பேசுவோர். எழுத்துருவில் ஒற்றுமை இருப்பதாலும், முக்காடு அணிந்த பெண்களைப் பார்ப்பதாலும் நம்மவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். திரைப்படச் சங்கங்களின் அறிவிப்புகளில்கூட இந்தத் தவறைப் பார்த்திருக்கிறேன். அரபு லீக்கில் 22 நாடுகள் உறுப்பினராக உள்ளன. ஈரானும் துருக்கியும் அதில் இல்லை.

ஆனால் அந்த 22 நாடுகளுக்குள்ளும் எல்லாரும் அரபியர் என்று எண்ணிவிட வேண்டாம். மொராக்கோவின் சோஃபியா அலாவி, அட்லஸ் மலையின் இடையன் ஒருவனை வைத்து எடுத்து, 2020இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில் குறும்படப் பிரிவின் முதன்மைப் பரிசையும் மறு ஆண்டில் பிரான்சின் செசார் விருதையும் பெற்ற படத்தின் பாத்திரங்கள் பேசுவது அரபு அன்று, அங்குள்ள பெர்பர் மக்களின் மொழியான தமாசிக்த். மறுபக்கம், அரபு பேசும் யூதர்களும் இருந்திருக்கிறார்கள். ஜோர்தானியர்களான தாரின் சல்லாமும் அம்ஜத் அல் ரஷீதும் சேர்ந்து இயக்கிய 'தி பேரட்' (2016) படத்தில், துனீசியாவிலிருந்து, இஸ்ரேல் உருவான 1948இல், ஹைஃபாவுக்கு வந்து சேரும் ஒரு யூதக் குடும்பத்துக்குப் பாலஸ்தீனக் குடும்பம் ஒன்று விட்டுச்சென்ற வீடு ஒதுக்கப்படுகிறது. வீட்டுச் சாமான்கள் அப்படியே இருக்கின்றன. முந்தைய குடும்பத்தார் வளர்த்த கிளியும் இருக்கிறது, அது பேசிக்கொண்டும் இருக்கிறது. கிளி பேசுவதைப் புதிதாக வந்தவர்களால் புரிந்துகொள்ள முடிகிறது என்பதுதான் அவர்களுடைய சங்கடம்.

கேள்வி: மேற்கத்திய நடுவர் குழுக்கள் எதைப் பார்க்க விரும்புகின்றனவோ அதைத்தான் இந்த இயக்குநர்கள் எடுக்கிறார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. பர்தா, பயங்கரவாதம், படகில் அகதிகள். இது நியாயமான குற்றச்சாட்டா? (வங்கி ஊழியர் ஒருவர்)

பதில்: ஓரளவுக்கு நியாயமானதுதான். துனிசில் 1966இலிருந்து கார்த்தேஜ் திரைப்பட விழா நடந்துவருகிறது. பெய்ரூட்டை மையமாகக் கொண்டு கலை, பண்பாட்டுக்கான அரபு நிதியம் 2007இலும், கத்தாரில் தோஹா திரைப்பட நிறுவனம் 2010இலும் தொடங்கப்பட்டன. இவை இருந்தும், ஐரோப்பியப் பணமும் ஐரோப்பிய விழாவின் முத்திரையும் இல்லாமல் ஒரு படம் உலகைச் சுற்றிவருவது இன்றும் கடினம். பணம் கொடுப்பவரின் எதிர்பார்ப்பு எழுதுபவரின் மேசைக்கு வந்துசேராமல் இருக்காது.

ஆயினும் ஒரு படத்தின் கருவை மட்டும் வைத்து இந்தக் குற்றச்சாட்டைச் சுமத்திவிடக் கூடாது. துனீசியக் கனடியரான மெரியம் ஜூபூர் 2018இல் எடுத்த 'இஹ்வான்' படத்தின் கதைச் சுருக்கத்தைக் கேட்டால் நடுவர்களுக்கென்றே சமைத்தது போலத்தான் இருக்கும். வடக்குத் துனீசியாவில் ஆடு மேய்க்கும் முகமது. சிரியாவுக்குப் போன மூத்த மகன் மாலிக், முகத்தை முழுவதும் மூடிய ஓர் இளம் மனைவியோடு வீடு திரும்புகிறான். ஆனால் படம் சிரியாவைப் பற்றி எதுவும் காட்டவில்லை. மகன் அங்கே என்ன செய்துவிட்டு வந்தானோ என்ற சந்தேகம் தகப்பனுக்குள் வளர்வதையும், அவனை ஏற்கவும் முடியாமல் விரட்டவும் முடியாமல் அவர் சாப்பாட்டு நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் முகங்களுக்கு மிக அருகிலிருந்து காட்டுகிறது. மூன்று மகன்களாக நடித்தவர்கள் உண்மையிலேயே உடன்பிறந்தவர்கள். செம்பட்டைத் தலையும் முகமெல்லாம் புள்ளிகளுமாக இருந்த அந்தப் பிள்ளைகளை இயக்குநர் நாட்டின் வடபகுதியில் பயணம் செய்தபோது வழியில் கண்டு, பிறகு தேடிப்போய் நடிக்க வைத்தார். 'அரபியர் என்றால் இப்படித்தான் இருப்பார்கள்' என்று நடுவர்கள் மனத்தில் வைத்திருக்கக்கூடிய சித்திரம் அந்த முகங்களைக் கண்டவுடனே கலைந்துபோகிறது. 2020இல் இப்படமும் ஆஸ்கார் இறுதிப் பட்டியலில் இருந்தது.

மேலே சொன்ன சாமே அலாவின் படத்திலும் முகத்திரை உண்டு. 82 நாள் பிரிவுக்குப் பின் காதலியைப் பார்க்கத் துடிக்கும் ஆதம் என்ற இளைஞனே அதை அணிந்துகொண்டு கெய்ரோ நகரத்தைக் கடந்து போகிறான். பெண்ணை ஒடுக்கும் துணி, பெண்ணைக் காக்கும் துணி என்ற வழக்கமான இரண்டு வாதங்களில் எதற்கும் அகப்படாமல் அந்த உடை அங்கே ஒருவன் வாசலைத் தாண்டி உள்ளே போவதற்கான வழியாகிறது.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். ஒரு காட்சியில் பாத்திரங்கள் தங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரிந்த ஒன்றை ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருந்தால், அவர்கள் பேசுவது எங்கோ உட்கார்ந்திருக்கும் அயலாரிடம் என்று பொருள். அப்படிப்பட்ட படங்களும் நிறைய உண்டு. அவற்றின் பெயர்களைச் சொல்லி இடத்தை வீணாக்க விரும்பவில்லை.

கேள்வி: பதினோரு ஆண்டுகளாக வளைகுடாவில் இருக்கிறேன். இந்த ஊர்களைக் கட்டியவர்கள் எங்களைப் போன்றவர்கள். அவர்களுடைய படங்களில் நாங்கள் எங்காவது இருக்கிறோமா? (ஷார்ஜாவில் கட்டுமானத் துறையில் பணிபுரியும் வாசகர்)

பதில்: இருக்கிறீர்கள், ஆனால் பெரும்பாலும் பின்னணியில். கதவைத் திறப்பவராக, காரோட்டியாக, தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவராக. இதை மழுப்பிச் சொல்வதில் பயனில்லை.

விதிவிலக்குகளில் ஒன்று சவூதியின் மெஷல் அல் ஜாசர் எடுத்த 'சுமையாத்தி நரகத்துக்குப் போவாளா?' (2016). நெட்ஃப்ளிக்ஸ் வெளியிட்ட அந்த ஆறு படத் தொகுப்பில் இதுவும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த பணிப்பெண்ணை ஒரு குடும்பம் நடத்தும் விதத்தை அந்த வீட்டுச் சிறுமியின் கண் வழியாகச் சொல்கிறது. குழந்தையின் கேள்வி தலைப்பிலேயே இருக்கிறது; அதற்குப் பெரியவர்கள் வைத்திருக்கும் பதிலும், அதே பெரியவர்கள் அந்தப் பெண்ணிடம் நடந்துகொள்ளும் முறையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. வேடிக்கையான வண்ணங்களில் எடுக்கப்பட்ட கசப்பான படம். சவூதிக்காரர் ஒருவர் தம் சமூகத்தாரைப் பார்த்துக் கேட்ட கேள்வி என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமானது லெபனானின் டானியா பதைர் இயக்கிய 'வர்ஷா'. பெய்ரூட்டில் கட்டுமான வேலை செய்யும் சிரியத் தொழிலாளி முகமது, நகரிலேயே உயரமான, ஆபத்தான கிரேன்களில் ஒன்றை ஓட்டத் தாமே முன்வருகிறார். நெருக்கடியான அறையில் பலரோடு உறங்கி எழுந்து, எந்நேரமும் யாராவது பார்த்துக்கொண்டே இருக்கும் இடத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு, தனிமை என்பது தரையிலிருந்து அவ்வளவு உயரம் ஏறினால்தான் கிடைக்கிறது. ஏணியில் அவர் ஏறும் காட்சியைக் கட்டடத் தொழிலில் இருக்கும் உங்களால் எங்களைவிட நன்றாகவே உணர முடியும். உச்சிக்குப் போய் அவர் என்ன செய்கிறார் என்பதைச் சொல்லமாட்டேன். 2022இல் சன்டான்ஸ் விழாவில் பன்னாட்டுக் குறும்படத்துக்கான நடுவர் பரிசு பெற்றது.

ஆனால் இரண்டிலுமே தொழிலாளியைப் பற்றிப் பேசுபவர் உள்நாட்டவர். தொழிலாளியே கேமராவைத் திருப்பிப் பிடித்து எடுத்த படம் அதே அளவு கவனத்தைப் பெற்றதாக நான் அறிந்த வரையில் இல்லை. உங்கள் கடிதத்தில் முகாம் அறையைப் பற்றி எழுதியிருந்த இரண்டு பக்கங்களும் நல்ல திரைக்கதையின் தொடக்கம் போலவே இருந்தன.

கேள்வி: புலம்பெயர்ந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாழும் அரபியரின் படங்கள் தாய்நாட்டில் எடுக்கப்படும் படங்களிலிருந்து எப்படி வேறுபடுகின்றன? (ஆய்வு மாணவி)

பதில்: தாய்நாட்டுப் படங்களில் ஒருவர் வெளியே கிளம்புகிறார் என்றேன். புலம்பெயர்ந்தோர் படங்களில் அநேகமாக ஒருவர் காத்திருக்கிறார். கடிதத்துக்காக, தொலைபேசிக்காக, தாள்களுக்காக. ஆகவே அங்கே நடப்பதைக் காட்டிலும் கேட்பதுதான் அதிகம்.

இதன் மூலவடிவம் என்று நான் கருதுவது, மோனா ஹாத்தூம் 1988இல் செய்த 'மெஷர்ஸ் ஆஃப் டிஸ்டன்ஸ்' என்ற 15 நிமிடக் காணொளிப் படம். பாலஸ்தீனப் பெற்றோருக்குப் பெய்ரூட்டில் பிறந்த அவர், 1975இல் லண்டனுக்குப் போயிருந்த சமயத்தில் லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டதால் அங்கேயே தங்க நேர்ந்தது. பெய்ரூட்டிலிருந்து தாய் எழுதிய கடிதங்களை மகள் ஆங்கிலத்தில் வாசிக்கிறார். திரையில் தெரிவது, ஒருமுறை ஊருக்குப் போனபோது தாய் குளித்துக்கொண்டிருக்கையில் அவருடைய சம்மதத்தோடு எடுத்த நிழற்படங்கள். அவற்றின் மேல் அதே கடிதங்களின் அரபுக் கையெழுத்து வரிவரியாகப் படர்ந்து திரை போல் மறைக்கிறது. பின்னணியில் தாயும் மகளும் அரபில் சிரித்துப் பேசிக்கொள்ளும் பழைய ஒலிப்பதிவு ஓடுகிறது. ஒரே நேரத்தில் மூன்று அடுக்குகள்: அருகிலிருந்தபோது பேசியது, தொலைவிலிருந்து எழுதியது, இன்னும் தொலைவான மொழியில் வாசிப்பது. அந்தப் படங்களை எடுத்ததில் தகப்பனாருக்கு உண்டான கோபத்தைப் பற்றித் தாய் எழுதுகிறார். மகள் கேட்ட அந்தரங்கமான கேள்விகளுக்குக் கூச்சமில்லாமல் பதில் எழுதுகிறார். நேரில் இருந்திருந்தால் இவர்கள் இவ்வளவு பேசியிருப்பார்களா என்ற ஐயம் எழுகிறது. போர் என்பது இதில் கடிதங்களின் ஊடே சில வரிகளாகத்தான் உள்ளே வருகிறது. அவற்றில் ஒன்று: அருகிலிருந்த தபால் நிலையம் குண்டுவெடிப்பில் அழிந்துவிட்டது, இனிக் கடிதம் அனுப்புவது கடினம். ஆய்வு மாணவியாக நீங்கள் வேறு எதையும் பார்க்காவிட்டாலும் இதைப் பார்க்காமல் எழுதத் தொடங்க வேண்டாம்.

அடுத்துச் சொல்ல வேண்டியவர் மஹ்தி ஃப்ளைஃபல். லெபனானிலுள்ள ஐன் அல் ஹில்வே என்ற பாலஸ்தீன அகதி முகாமிலும் பின்னர் டென்மார்க்கிலும் வளர்ந்தவர். ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்ததும் துயரம் தீர்ந்துவிடும் என்று நம்மவர்கள் எண்ணிக்கொள்ளும் கதையை விடாப்பிடியாக உடைப்பவர். 'எ மேன் ரிட்டர்ன்ட்' என்ற 30 நிமிட ஆவணப்படத்தில் ரெதா என்ற இளைஞர் கிரீஸில் மூன்று ஆண்டுகள் சிக்கிக்கிடந்துவிட்டு, ஹெராயின் பழக்கத்தோடு அதே முகாமுக்குத் திரும்பி, சிறுவயதிலிருந்து விரும்பிய பெண்ணை மணந்துகொள்ள ஏற்பாடு செய்கிறார். கல்யாண வேலைகள் ஒருபக்கம் நடக்கின்றன. மறுபக்கம் அவர் யாருமில்லாத மூலையில் போதைப்பொருளைச் சூடாக்குகிறார். 2016இல் பெர்லின் விழாவில் குறும்படத்துக்கான வெள்ளிக்கரடி இதற்குக் கிடைத்தது. 2018இல் வந்த இன்னொரு படமான 'ஐ சைன்ட் த பெட்டிஷன்' முழுவதும் ஒரு தொலைபேசி உரையாடல்தான். இணையத்தில் ஒரு கோரிக்கை மனுவில் கையெழுத்திட்டுவிட்டு, செய்தது சரிதானா, இதனால் பின்னால் ஏதும் சிக்கல் வருமா என்று ஒருவர் நண்பரிடம் புலம்புகிறார். பத்து நிமிடம். நகைச்சுவையாகவும் இருக்கிறது, பரிதாபமாகவும் இருக்கிறது.

கிளம்புவதற்கு முந்தைய நிலையைக் காட்டுவது ரனா கஸ்கஸும் அனஸ் கலஃபும் எடுத்த 'மாரே நோஸ்ட்ரம்' (2016). மத்தியதரைக் கடற்கரையில் நிற்கும் சிரியத் தகப்பன் ஒருவர், நீந்தத் தெரியாத தன் சிறுமகளைத் தூக்கிக் கடலில் எறிகிறார். முதலில் நமக்கு ஆத்திரம் வருகிறது. ஏன் எறிந்தார் என்பதை நாமாக ஊகித்துக்கொள்ளும்போது ஆத்திரத்துக்குப் பதிலாக வருவதற்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாம் தலைமுறைக்கு வந்தால் கதையின் இடம் மாறுகிறது. ரோலா நாஷிஃப் 2007இல் குறும்படமாகவும் 2012இல் முழுநீளப் படமாகவும் எடுத்த 'டெட்ராய்ட் அன்லெடட்' நடப்பது லெபனானிலிருந்து வந்தவர்கள் நடத்தும் ஒரு பெட்ரோல் நிலையத்தில். டெட்ராய்டும் அதையடுத்த டியர்போர்னும் அமெரிக்காவில் அரபு வம்சாவளியினர் மிகுதியாக வாழும் பகுதிகள். கல்லாவில் இருப்பவருக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் குண்டு துளைக்காத கண்ணாடி. காதல் பேச்சும் அதன் வழியாகத்தான். இங்கே யாருக்கும் ஊர் திரும்பும் கனவு இல்லை, கடையை விட்டு வெளியே போகும் கனவுதான் இருக்கிறது.

இத்தகைய படங்களுக்கென்றே விழாக்களும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் 1990களிலிருந்தும், பெர்லினில் 2009 முதலும், சுவீடனின் மால்மோவில் 2011 முதலும் அரபுத் திரைப்பட விழாக்கள் நடந்துவருகின்றன. தேடலை அவற்றின் பழைய நிகழ்ச்சி நிரல்களிலிருந்து தொடங்கலாம்.

கேள்வி: சிரிக்கவே மாட்டார்களா? (அதே ஆய்வு மாணவியின் தம்பி, அடிக்குறிப்பாக)

பதில்: நன்றாகவே சிரிப்பார்கள். பாசில் கலீலின் 'ஆவே மரியா' (2015) படத்தைத் தம்பி பார்க்க வேண்டும். மேற்குக் கரையின் வறண்ட வெளியில் மௌன விரதம் காக்கும் கன்னிமாடம்; அதன் வாசலிலிருந்த மாதா சிலையின் மேல் யூதக் குடியேறிகளின் கார் மோதி நின்றுவிடுகிறது. அன்று ஓய்வுநாள் தொடங்கிவிட்டதால் வந்தவர்கள் தொலைபேசியைத் தொடக் கூடாது. அருட்சகோதரிகளோ வாய் திறக்கக் கூடாது. இனி வண்டி எப்படிக் கிளம்பும்? 15 நிமிடத்துக்குள் இரு தரப்பாரையும் சமமாகக் கேலி செய்துவிட்டு முடிகிறது. 2016இல் ஆஸ்கார் இறுதிப் பட்டியலுக்கும் போனது. ஃபிராஸ் கூரியின் 'மரடோனாவின் கால்கள்' (2019) இன்னும் இளையவர்களுக்கானது. 1990 உலகக் கோப்பை சமயம்; ஒட்டுப்பட ஆல்பத்தை நிரப்பி ஓர் அடாரி விளையாட்டுக் கருவியைப் பரிசாகப் பெறுவதற்கு, இரண்டு பாலஸ்தீனச் சிறுவர்களுக்குக் குறைவது ஒரே ஒரு படம். அது மரடோனாவின் கால்கள்.

கேள்வி: நீங்கள் குறிப்பிடும் இயக்குநர்களில் இத்தனை பெண்கள் இருப்பது வியப்பாக இருக்கிறது. (வாசகி ஒருவர்)

பதில்: அங்கே இது புதிதன்று. லெபனானின் ஜோஸ்லின் சாப் ஒரு பத்திரிகையாளராகத் தொடங்கி, 1976இல் 'பெய்ரூட், நெவர் அகெய்ன்', 1978இல் 'லெட்டர் ஃப்ரம் பெய்ரூட்', 1982இல் 'பெய்ரூட், மை சிட்டி' என்று தம் நகரம் அழிந்துகொண்டிருந்தபோதே அதைப் படமாக்கியவர். இம்மூன்றில் கடைசிப் படத்தைத் தம் வீடு எரிந்துபோன இடத்தில் நின்றபடி தொடங்குகிறார். வேரூன்றிய பெரிய வணிகத் திரையுலகம் இல்லாத நாடுகளில், பெண்களை வெளியே நிறுத்திவைக்கும் பழைய வாசற்காவலரும் குறைவு என்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

கேள்வி: வளைகுடாவில் இருந்தபோது அரபு பேசப் பழகினேன். துனீசியப் படம் ஒன்றில் ஒரு வரிகூடப் புரியவில்லை. குறை என்னிடமா? (ஓய்வுபெற்ற ஓட்டுநர்)

பதில்: உங்களிடம் குறை இல்லை. வடஆப்பிரிக்கப் பேச்சு வழக்கு ரியாத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் சட்டென்று பிடிபடாது. அங்கே பிரெஞ்சுச் சொற்களும் தாராளமாகக் கலக்கும். எங்கும் ஓரளவு புரிவது எகிப்திய வழக்குதான், அதற்கு அந்நாட்டுத் திரைப்படங்களும் பாடல்களுமே காரணம். துணைத்தலைப்போடு பாருங்கள்.

கேள்வி: காசாவில் இப்போது படமெடுக்கவும் முடிகிறதா? (கல்லூரிப் பேராசிரியர்)

பதில்: காசாவில் பிறந்த இயக்குநர் ரஷீத் மஷ்ஹராவியின் முயற்சியில் 2024இல் வெளிவந்த 'ஃப்ரம் கிரவுண்ட் ஸீரோ' என்ற தொகுப்பில் காசாவுக்குள்ளேயே எடுக்கப்பட்ட 22 குறும்படங்கள் இருக்கின்றன. எல்லாம் சில நிமிடங்களே ஓடுபவை. கதைப்படம், ஆவணம், உயிரூட்டப்படம், பொம்மலாட்டம் என எல்லா வகையும் உண்டு. தரத்தில் ஏற்ற இறக்கம் இருக்கிறது, இருக்காமல் எப்படி? தொகுப்பில் ஓர் இயக்குநர், தாம் எடுத்துக்கொண்டிருந்த படத்தை முடிக்க முடியாமல் போனதற்கான காரணத்தைச் சொல்வதையே படமாகக் கொடுத்திருக்கிறார். சிறந்த பன்னாட்டுத் திரைப்படத்துக்கான ஆஸ்கார் முதற்கட்டப் பட்டியலில் பாலஸ்தீனத்தின் சார்பாக இத்தொகுப்பு இடம்பெற்றது.

கேள்வி: ஒரே மாலையில் வீட்டார் எல்லாரும் பார்க்கலாம் என்றிருக்கிறோம். எதில் தொடங்கலாம்? (முதல் கேள்வி கேட்ட ஆசிரியை)

பதில்: குழந்தைகள் விழித்திருக்கும்போது 'மரடோனாவின் கால்கள்' படத்தையும் 'ஆவே மரியா' படத்தையும் போட்டுவிடுங்கள். பிறகு 'தி பிரசென்ட்'. ஏழெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் தாராளமாகப் பார்க்கலாம், இடையில் கேள்விகள் வரும், நிறுத்திப் பதில் சொல்லுங்கள். 'இஹ்வான்' படத்தைத் தனியாக இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது, அதைப் பார்த்த பின் வேறு படம் பார்க்கத் தோன்றாது. ரக்கான் மயாசியின் 'பொன்போனே' (2017) என்றொரு நல்ல படம் உண்டு. சிறையிலிருக்கும் கணவனின் குழந்தையைச் சுமக்க விரும்பும் மனைவி, சிறைச்சந்திப்பின்போது மிட்டாய்த் தாளில் எதையோ மறைத்து எடுத்துக்கொண்டு நேரத்துக்குள் ஊர் போய்ச் சேரப் பார்க்கும் கதை. அதைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள்.